வயிற்றுக்குள் ஓர் ஒலிபெருக்கி

திருவிழாப் பந்தலில் பேச்சாளர் மைக்கின் முன் வந்து நின்று தொண்டையைச் செருமியதும், ஒலிபெருக்கி ‘கீ...ச்’ என்று காதைத் துளைக்கும்படி அலறுவதைக் கேட்டிருப்பீர்கள். அங்கே யாரும் அப்படிக் கத்தவில்லை. பேச்சாளர் எழுப்பியது மெல்லிய ஓசைதான். அது மைக்கில் புகுந்து, பெருக்கியில் வலுப்பெற்று, ஒலிபெருக்கி வழியாக வெளிவந்தது. வெளிவந்த ஓசையில் ஒரு பங்கு மீண்டும் மைக்குக்குள்ளேயே புகுந்தது, மீண்டும் பெருகியது, மீண்டும் புகுந்தது. மைக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே 3.4 மீட்டர் தொலைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்வதால், ஒரு நொடியில் 100 சுற்றுகள்! செருமல் ஊளையாக மாற எவ்வளவு நேரமாகும்? இதை நேர்ப் பின்னூட்டம் என்கிறோம்.

மைக் செட்காரர் ஓடிவந்து என்ன செய்கிறார், கவனித்திருக்கிறீர்களா? அவர் பேச்சாளரின் வாயைப் பொத்துவதில்லை. பெருக்கியின் குமிழைச் சற்றே திருகுகிறார். அல்லது மைக்கைக் கொஞ்சம் திருப்பி வைக்கிறார். ஊளை நின்றுவிடுகிறது. பேச்சும் தொடர்கிறது. இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

தேர்வு நாளன்று காலையில் வயிறு கலங்காத மாணவர் அபூர்வம். பெரும்பாலோருக்கு வினாத்தாளை வாங்கிப் படித்த ஐந்தாவது நிமிடத்தில் அது அடங்கிவிடும். ஆனால், சிலருக்கு அது அடங்குவதே இல்லை. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில், வயிற்றுவலியும் உப்புசமும் பேதியும், சிலருக்கு மலச்சிக்கலும், வருவதும் போவதுமாக இருக்கும். மருத்துவர் தேவையான சோதனைகளையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, குடலில் புண் இல்லை, கிருமி இல்லை, கட்டி இல்லை என்பார். இந்த நிலைக்குக் குடல் எரிச்சல் நோய் என்று பெயர். மருத்துவர்கள் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஐ.பி.எஸ்.’ என்பார்கள். இங்கே எரிச்சல் என்பது மிளகாய் பட்டாற்போன்ற எரிச்சலன்று. சிறு சீண்டலுக்கும் சிடுசிடுவென்று விழுகிற மனிதரைப் பார்த்து, ‘ஏன் இவ்வளவு எரிச்சல்?’ என்று கேட்கிறோமே, அந்தப் பொருளில்! 33 நாடுகளில் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இணையம் வழியே விடையளித்த பெரியவர்களில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகத் தெரிந்தது.

இயற்பியல் கற்பிப்பவனுக்கு வயிற்றைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த 4 விழுக்காட்டில் நானும் ஒருவன் என்பதுதான் முதல் தகுதி.

பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது நிறமாலைமானி. முப்பட்டகத்தின் கோணத்தைக் காண வேண்டும். ஆய்வகத்தின் இருட்டு மூலையில், சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில், பிளவின் பிம்பத்தைக் குறுக்குக் கம்பியின்மேல் கொண்டுவந்து நிறுத்தும் வேளையில், யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல் வயிறு வலித்தது. வெளியே செல்ல அனுமதி கேட்டேன். தேர்வாளர் ஒருமுறை விட்டார். இரண்டாம் முறை கேட்டபோது, “தேர்வு என்றதும் வயிற்றுவலி! நல்ல நடிப்புத்தான்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போய்த் திரும்புவதற்குள் நேரம் கரைந்துவிட்டது. அளவீடுகள் பாதியில் நின்றன. போன மதிப்பெண்ணைவிட அந்தச் சொல்தான் என்னை நெடுநாள் உறுத்தியது. ஏனென்றால், எனக்கே ஐயம் வந்துவிட்டது. சோதனைகளில் ஒன்றுமில்லை என்கிறார்களே, ஒருவேளை நான் நடிக்கத்தான் செய்கிறேனோ? இதற்கு விடை கிடைக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்களில் யாருக்கும் அவ்வளவு நாள் ஆக வேண்டியதில்லை.

வயிற்றில் ஒரு சன்னல்

மனம் கலங்கினால் வயிறும் கலங்கும் என்பதை மனிதர் நெடுங்காலமாக அறிவர். வயிற்றைக் கலக்குகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்றெல்லாம் நாம் சொல்வது சும்மாவா? ஆனால் அதைக் கண்ணாலேயே பார்த்து எழுதி வைக்கும் வாய்ப்பு ஓர் இராணுவ மருத்துவருக்குக் கிட்டியது.

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள். வட அமெரிக்காவில் ஹியூரான் ஏரியிலுள்ள மாக்கினாக் தீவு. விலங்குத் தோல் வணிகம் நடக்கும் ஒரு கடையில், கூட்டத்துக்கு நடுவே துப்பாக்கி ஒன்று தவறுதலாக வெடித்தது. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடிய இளைஞரின் இடப்பக்க விலா உடைந்து, இரைப்பையிலும் துளை விழுந்தது. தீவின் கோட்டையிலிருந்த மருத்துவர் வில்லியம் போமான்ட் விரைந்து வந்து சிகிச்சை செய்தார். இளைஞர் பிழைப்பார் என்று அவருக்கே நம்பிக்கையில்லை. இளைஞர் பிழைத்தார். ஆனால் துளை மூடவில்லை. இரைப்பையின் சுவர் வெளித்தோலோடு ஒட்டி ஆறிவிட்டதால், வயிற்றில் நிரந்தரமாக ஒரு சன்னல் அமைந்துவிட்டது.

1825இல் போமான்ட் சோதனைகளைத் தொடங்கினார். இறைச்சித் துண்டு, ரொட்டித் துண்டு, முட்டைக்கோசு ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி, துளை வழியே உள்ளே இறக்கி, சில மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள்! 1833இல் அவற்றை நூலாக வெளியிட்டார். செயின்ட் மார்ட்டின் சினம் கொண்டிருந்த வேளைகளில் செரிமானம் தடைப்பட்டதையும், இரைப்பைக்குள் பித்தநீர் வந்து கலந்திருந்ததையும் அவர் குறித்திருக்கிறார்.

அந்தச் சினத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. மருத்துவர் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, அவரை வேலையாளாகவும் சோதனைப் பொருளாகவும் ஒருசேர வைத்திருந்தார். 1880இல் செயின்ட் மார்ட்டின் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கொண்டுபோய்விடக் கூடாதென்று குடும்பத்தார் சில நாள் கடத்தி, மிக ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பெயர் வாங்கியவர் ஒருவர். வயிற்றைக் கொடுத்தவர் வேறொருவர்.

அடுத்த சன்னலைத் திறந்தது எங்கள் துறை என்பதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு. 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். மறு ஆண்டே ஹார்வர்டில் மருத்துவம் பயின்றுவந்த வால்டர் கானன் என்ற மாணவர் அக்கதிர்களை வயிற்றுப் பக்கம் திருப்பினார். எக்ஸ் கதிர்கள் எளிதில் ஊடுருவ முடியாத பிஸ்மத் உப்பை உணவில் கலந்து பூனைக்குக் கொடுத்து, திரையில் நிழலாகத் தெரியும் இரைப்பையைக் கவனித்தார். அமைதியாக இருக்கும் பூனையின் இரைப்பையில் அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காகச் சென்றன. பூனை மிரண்டு திமிறியதும் அலைகள் நின்றுபோயின. அது மறுபடி அமைதியடைந்ததும் அலைகள் திரும்பின. யாரும் பூனையிடம் நடிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை!

இந்த அவதானிப்பிலிருந்து தொடங்கிக் கானன் நெடுந்தொலைவு சென்றார். ஆபத்து வரும்போது உடல் ‘போரிடு, அல்லது ஓடு’ என்ற நிலைக்கு ஆயத்தமாகிறது, அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, குருதி கை கால் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. புலி துரத்தும்போது இட்லியைச் செரித்துக்கொண்டிருக்க நேரமேது? இரைப்பையின் வேலை தாமதமாகிறது. ஆனால் பெருங்குடலில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே அசைவு விரைவுபடுகிறது. சரக்கை இறக்கிவிட்டு ஓடு என்பதுபோல. தேர்வன்று காலையில் சாப்பிடவும் பிடிக்காமல், கழிப்பறைக்கும் நாலு முறை ஓட நேர்வது இதனால்தான். புலிக்கும் வினாத்தாளுக்கும் உள்ள வேறுபாட்டை மூளை அறியும், குடல் அறியாது.

சொந்த நரம்பு வலை

இன்னொரு செய்தியும் வேண்டும். 1899இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், மயக்க நிலையிலிருந்த நாயின் குடலுக்கு மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் நரம்புகளைத் துண்டித்துப் பார்த்தார்கள். குடல் தன் வேலையை நிறுத்தவில்லை! உள்ளே இருக்கும் பொருளுக்குப் பின்னால் சுருங்கி, முன்னால் தளர்ந்து, பற்பசையைப் பிதுக்குவதுபோல் அதை முன்னே தள்ளிக்கொண்டே இருந்தது. குடலின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. அதில் 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் உள்ளன. சிலர் இதை ‘இரண்டாவது மூளை’ என்று அழைக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அது கணக்குப் போடுவதில்லை, கவலைப்படுவதுமில்லை. ஆயினும் தன்னாட்சி உடைய ஓர் அமைப்பு என்பதில் ஐயமில்லை.

இந்த வலைக்கும் தலைக்கும் இடையே செல்லும் முக்கியமான தந்திக் கம்பி வேகஸ் நரம்பு. இலத்தீன் மொழியில் வேகஸ் என்றால் அலைந்து திரிவது என்று பொருள். மண்டையோட்டின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து, இதயம், நுரையீரல் என்று அலைந்து குடல்வரை வருகிறது. அதிலுள்ள இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு கீழிருந்து மேலே செய்தி கொண்டு செல்பவை. மேலிருந்து கட்டளை வருவதைவிட, கீழிருந்து மனுக்கள் போவதே அதிகம்! ஆகவே மனம் வயிற்றைக் கெடுக்கிறது என்பது பாதி உண்மைதான். வயிறும் மனத்தைக் கெடுக்கிறது.

60 மில்லிலிட்டர்

இப்போது என் பழைய ஐயத்துக்கு வருவோம். வலி மெய்யா, நடிப்பா?

1973இல் ஜேம்ஸ் ரிச்சி என்ற ஆய்வாளர், பெருங்குடலின் கடைப்பகுதிக்குள் ஒரு சிறு பலூனைச் செலுத்தி, அதைச் சிறிது சிறிதாக ஊதச் செய்து, எப்போது வலிக்கிறது என்று கேட்டார். பலூனில் 60 மில்லிலிட்டர் ஏறியபோது, நலமாக இருந்தவர்களில் 6 விழுக்காட்டினர்தாம் வலி என்றார்கள். குடல் எரிச்சல் நோயாளிகளில் வலி என்றவர்கள் 55 விழுக்காடு. பலூன் ஒன்றே, பருமன் ஒன்றே. மாறியிருப்பது அதை உணரும் நுட்பம்.

நம் எல்லோருடைய குடலிலும் காற்று உருள்கிறது. சுவர் விரிகிறது, சுருங்குகிறது. அந்தச் செய்திகள் ஓயாமல் மேலே சென்றுகொண்டுதான் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு அவை நனவுக்கு எட்டுவதற்கு முன்பே வடிகட்டப்படுகின்றன. இந்த நோயாளிகளுக்கு அவை வலியாகவே வந்து சேர்கின்றன. அதாவது குடலில் ஓட்டை இல்லை, புண் இல்லை. ஆனால் மைக்கின் உணர்திறன் கூடியிருக்கிறது. மைக்கைக் கழற்றிச் சோதித்தால் ‘பழுது ஒன்றும் இல்லை’ என்றுதானே சொல்வார்கள்? ‘ஒன்றுமில்லை’ என்ற மருத்துவ அறிக்கைக்கும் துடிக்க வைக்கும் வலிக்கும் முரண்பாடே இல்லை. இதைப் படித்த அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இடையில் ஒரு சொல் விளக்கம். மன அழுத்தத்தை இன்று ஊரெல்லாம் ‘ஸ்ட்ரெஸ்’ என்கிறார்கள். அது எங்களிடமிருந்து இரவல் போன சொல். ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை. உங்கள் பாடநூலில் ‘தகைவு’. தகைவினால் பொருளில் ஏற்படும் உருமாற்றம் ‘திரிபு’. உடலின் எதிர்வினையைக் குறிக்கத் தகைவு என்ற சொல்லைப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே என்ற அறிஞர். அவர் ஹங்கேரி நாட்டு மரபினர். தமக்கு ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் திரிபு என்றே பெயரிட்டிருப்பேன் என்று பிற்காலத்தில் சொன்னாராம். ஒரே எடையை எஃகுக் கம்பியிலும் ரப்பர் வாரிலும் தொங்கவிட்டால் இரண்டும் ஒரே அளவு நீளுமா? தேர்வு எல்லோருக்கும் ஒரே எடைதான். ‘அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே, உனக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்பவருக்கு ஹூக் விதியை நினைவூட்டலாம்.

1.1உம் 0.9உம்

இனிச் சுற்றை முழுமையாக வரைந்துவிடலாம். குடலில் ஒரு சிறு காற்றுக்குமிழ் நகர்கிறது. உணர்திறன் மிக்க நரம்புகள் அதை வலியாகச் சொல்கின்றன. ‘ஐயோ, ஆரம்பித்துவிட்டது! இங்கே கழிப்பறை எங்கே இருக்கிறது?’ என்று மனம் பதறுகிறது. அட்ரினலினும் அதன் கூட்டாளிகளும் சுரக்கின்றன. பெருங்குடல் விரைந்து சுருங்குகிறது. உணர்திறன் மேலும் கூடுகிறது. வலி வளர்கிறது, பதற்றமும் வளர்கிறது. மைக், பெருக்கி, ஒலிபெருக்கி, மீண்டும் மைக்!

ஒரு சுற்றுக்கு வலி 1.1 மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 என்று தொடங்கினால் 110, 121, 133... எட்டாவது சுற்றில் 214. இரண்டு மடங்குக்கு மேல்! அதே மடங்கு 0.9 ஆக இருந்தால்? 90, 81, 73... ஏழாவது சுற்றில் 48. பாதிக்கும் கீழே, பிறகு தானே கரைந்துவிடும். 1.1க்கும் 0.9க்கும் இடையே உள்ள வேறுபாடு 0.2 தான். ஒரு பக்கம் ஊளை, மறுபக்கம் அமைதி.

உடம்பில் இந்த மடங்கை அளந்து சொல்லும் மீட்டர் எதுவும் இல்லை. நான் சொல்வது உவமைதான், உவமையை அளவுக்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். ஆனாலும் அது ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது. பயமே இல்லாத மனிதனாக மாறினால்தான் குணமாகும் என்று நான் பல ஆண்டுகள் எண்ணி, பயப்படுவதற்காகவே பயந்துகொண்டிருந்தேன். அது தேவையேயில்லை. பேச்சாளரின் வாயைப் பொத்த வேண்டாம். சுற்றில் எங்கேனும் ஓரிடத்தில் குமிழைச் சற்றுத் திருகினால் போதும்.

குமிழைத் தொடுமுன்

முதலில் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எல்லா வயிற்றுவலியும் இந்த வகையைச் சேர்ந்ததன்று. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, ஓயாத வாந்தி, சோகை, உங்கள் வயதில் வளர்ச்சி நின்றுபோதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. குரோன் நோய், பெருங்குடற்புண் நோய், கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோய் போன்றவை வேறு வகை. அவற்றுக்கு மருந்தும் பத்தியமும் கட்டாயம் வேண்டும். மூச்சுப் பயிற்சி அவற்றுக்கு மாற்றாகாது. சிலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காமல் இதே தொல்லைகள் வருவதுண்டு. நம் பக்கத்தில் அது மிகப் பரவலான ஒன்று.

எல்லாப் பழியையும் மனத்தின்மேல் போடுவதும் ஆபத்து. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. 1980களில் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று காட்டினார்கள். நம்பாதவர்களுக்காக, 1984இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவை வளர்த்துத் தாமே குடித்து நோயை வரவழைத்துக்கொண்டார்! 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. (தயவுசெய்து இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

குமிழ்கள் எங்கே?

நீங்கள் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று இதோ. அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெதுவாக நான்கு நொடி மூச்சை இழுங்கள். ஆறு நொடியில் மெதுவாக விடுங்கள். சில முறை செய்தபின், நாடியின் இடைவெளியை மட்டும் கவனியுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று நெருங்குகிறது, விடும்போது விலகுகிறது. உங்கள் வயதில் இது நன்றாகவே தெரியும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்துக்குப் பிரேக் போடுவதைத்தான் விரல் நுனியில் உணர்கிறீர்கள். இதயத்தை நேரடியாகக் கட்டளையிட்டு நிறுத்த நம்மால் முடியாது, குடலையும் முடியாது. ஆனால் மூச்சு மட்டும் தானாகவும் நடக்கும், நாம் சொன்னாலும் கேட்கும். உடலின் பூட்டிய அறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே குமிழ் அது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிடம். வலி உச்சத்தில் இருக்கும்போது முதன்முறையாக முயன்றால் பலிக்காது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியுமா? வயிறு அமைதியாக இருக்கும் நாள்களில் பழகி வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது குமிழ், கடிகாரம். தூக்கம் கெட்டால் வலியை உணரும் நுட்பம் கூடுகிறது. ஆகவே தேர்வுக்கு முதல் நாள் விடிய விடியப் படிப்பது, மைக்கின் குமிழை நீங்களே ஏற்றிவைப்பதாகும். இரைப்பையில் உணவு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயற்கையான அனிச்சைச் செயல். காலையில் இது வலுவாக இருக்கும். பேருந்து வரும் நேரத்தில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினால், அந்த அசைவு பேருந்துக்குள் நடக்கும்! புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே சாப்பிட்டால் அது வீட்டிலேயே முடிந்துவிடும். தேர்வு நாளில் விழிப்புக்காகக் குடிக்கும் இரண்டாவது, மூன்றாவது காப்பியும் பெருங்குடலைத் தூண்டிவிடும்.

மூன்றாவது குமிழ்தான் மிகக் கடினமானது. எனக்கு மிகுதியாகப் பயன்பட்டதும் அதுதான். எம்.எஸ்சி. படித்த நாள்களில் நான் பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்டேன். வழியில் வயிறு கலக்கினால் என்ன செய்வது? ஆறு கிலோமீட்டர் வெயிலில் மிதிவண்டிதான். உறவினர் திருமணங்களுக்குப் போகவில்லை. வெளியூர் கருத்தரங்குக்குத் தேர்வாகியும் பொய்க் காரணம் சொல்லி நழுவினேன். ஒவ்வொரு முறை நழுவும்போதும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதிதான் சூது! ‘பார்த்தாயா, போகாததால் தப்பித்தோம், பேருந்து ஆபத்தானதுதான்’ என்று மூளை பாடம் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பேருந்தைக் கண்டாலே வயிறு முறுக்குகிறது. தப்பித்தலே பெருக்கியின் குமிழை ஏற்றுகிறது.

முதிய மருத்துவர் ஒருவர் எனக்கு எழுதித் தந்த சீட்டில் மருந்தோடு ஒரு வரியும் இருந்தது: ‘ஒரு நிறுத்தம் மட்டும்.’ பேருந்தில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, நடந்து திரும்ப வேண்டும். ஒரு வாரம் அப்படியே செய்தேன். பிறகு இரண்டு நிறுத்தம். ஒருநாள் நடுவழியில் வலி வந்தது, இறங்கவில்லை, மெல்ல மூச்சு விட்டேன், வலி ஏறியது, நின்றது, இறங்கியது. எரிபொருள் ஊட்டாவிட்டால் வலியும் இறங்கும் என்பதை என் குடலும் மூளையும் சேர்ந்து பார்த்தது அன்றுதான். கல்லூரிவரை சென்று சேர நாலு மாதம் பிடித்தது. இன்றும் பேருந்தில் கதவோர இருக்கையைத்தான் தேடுகிறேன், அதில் வெட்கமில்லை.

இவ்வகைப் பயிற்சிகளை முறையாகக் கற்றுத்தரும் உளவியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். 1984இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழுவினர், கடுமையாகப் பாதிக்கப்பட்ட 30 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் குடலை மையமாகக் கொண்ட அறிதுயில் சிகிச்சை அளித்தார்கள். மற்றப் பிரிவினருக்கு ஆலோசனைப் பேச்சும் வெற்று மாத்திரையும். அறிதுயில் பெற்றவர்களின் நிலை வெகுவாகத் தேறியது. மனத்தின் வழியே சென்ற சிகிச்சை குடலைத் தேற்றியது என்பதால் நோய் கற்பனை என்று ஆகிவிடாது. சுற்று என்று ஒன்று இருந்தால் அதை எந்தப் பக்கத்திலிருந்தும் தொடலாம்.

இன்னொரு குமிழ் உங்கள் கையில் இல்லை. பெரியவர்கள் கையில் இருக்கிறது. ‘கேட்டால் வெளியே விடுவார்கள்’ என்று உறுதியாகத் தெரிந்த மாணவனுக்குப் பெரும்பாலும் வெளியே போக வேண்டிய தேவையே வருவதில்லை. நான் செய்முறைத் தேர்வு நடத்தும்போது தொடக்கத்திலேயே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்: யாரும் காரணம் சொல்லாமல் வெளியே போய் வரலாம், போன நேரம் கடைசியில் சேர்த்துத் தரப்படும். மிகச் சிலரே போகிறார்கள். ஆகவே உங்களுக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமாவது நோயைச் சொல்லி வையுங்கள். கதவோரம் இடம் கேளுங்கள். ஆனால் கதவும் தண்ணீரும் இல்லாத கழிப்பறையை வைத்துக்கொண்டு மூச்சுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது பாதிக் கிணறு தாண்டுவதாகும். அதற்குப் பயந்து காலை முதல் மாலைவரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் மாணவியர் எத்தனை பேர்! அவர்களுக்கு மலச்சிக்கலும் அதனால் வலியும் வந்தால், அதை மன அழுத்தம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, ஆய்வகப் பழக்கம் ஒன்று. ஒரு குறிப்பேட்டில் கட்டம் போட்டு, இரண்டு வாரத்துக்கு அளவீடு எடுங்கள். தேதி, நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், அன்று என்ன நடந்தது, வலி பத்துக்கு எவ்வளவு. நான் எடுத்தபோது, பல ஆண்டுகளாகக் குற்றவாளி என்று ஒதுக்கி வைத்திருந்த சாம்பாரில் குற்றமில்லை என்றும், வலி மிகுந்த நாள்களுக்கு முந்தைய இரவில் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகவே தூங்கியிருக்கிறேன் என்றும் தெரிந்தது. உங்களுக்கு வேறொன்று தெரியலாம். ஆனால் இரண்டு வாரம் போதும். நாள் முழுவதும் வயிற்றின்மேல் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பதும் மைக்கின் குமிழை ஏற்றுவதுதான். பதினைந்தாம் நாள் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்டிவிட்டு மூடி வைத்துவிடுங்கள்.